மார்கழியில் நாலு டயர்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அவன் வச்சு எவ்வளவு நேரம், இன்னும் ஆரோட கதைக்கிறியள்?" என்று கேட்டா. நீ கடைசியாகச் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். "டயர் கடையள் எல்லாம் புக் ஆகிட்டுது அப்பா. இனி நாள் கிடைச்சாலும் மார்கழிக்குள்ளதான் கிடைக்கும். தை பிறக்கட்டும், மாத்துவம். நீங்கள்தானே சொன்னீங்கள்." நீ அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல பிள்ளையாக, பணிவாகச் சொன்னாய். அதுதான் என்னை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருக்கிறது.

நீ இருப்பது கனடாவின் வடக்கே ஒரு சின்ன ஊரில். சுபாவுக்கு இது எட்டாம் மாதம். தை பிறந்ததும் பிள்ளை பிறக்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி உன் வீட்டிலிருந்து நாற்பது நிமிட ஓட்டம். மார்கழி முழுக்கக் கிழமைக்கு ஒரு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையால் போக வேண்டும். உன் காரில் பூட்டியிருப்பதோ வெயிலுக்கும் மழைக்கும் செய்த, மூன்று வருடம் ஓடித் தேய்ந்த டயர். இவ்வளவும் எனக்குத் தெரிந்தும், வெள்ளவத்தையில் ஃபேனுக்குக் கீழே வியர்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஃபோனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கும் கொடுக்கப்போகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். கரும்பலகையில் பிழையாக எழுதிய வாத்தியார் வகுப்பு முழுவதும் பார்க்கத்தான் அதை அழிக்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னால் போதாது. என்னைப் போல் பேசிவிட்டு மறந்துபோன அப்பாமார் இந்த ஊரில் இன்னும் இருப்பார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் நடந்தது எனக்குத் தெரியும். சுபாதான் சொன்னாள். சொல்லாதே என்று நீ அவளிடம் கேட்டிருந்தாயாம். அவளைக் கோபிக்காதே. இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "மாமா, பாதை ஈரமாக் கிடக்குது எண்டுதான் நினைச்சம்," என்றாள். "கீழ இறங்கிற வளைவில இவர் பிரேக்கில காலை வச்சார். கார் நிக்கேல்ல. தன்ர பாட்டுக்குச் சுத்தி, வந்த வழியைப் பாத்துக்கொண்டு நிண்டுது. எதிர்ப்பக்கத்தால ஒண்டும் வரேல்ல மாமா, வரேல்ல." அந்த 'வரேல்ல'வை அவள் இரண்டு தரம் சொன்னாள். பிறகு நீ ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தாயாம். அவள் வயிற்றில் மற்றக் கையை வைத்துக்கொண்டு பிள்ளை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அசைந்ததும்தான் அழுதாளாம். அதற்குப் பிறகும் நீ தை பிறக்கட்டும் என்கிறாய். மற்ற எல்லாவற்றிலும் கணக்குப் பார்த்து நடக்கிற, படித்த என் மகன் இதில் மட்டும் ஏன் இப்படி இருக்கிறான் என்று வேறு யாராவது யோசிக்கலாம். நான் யோசிக்கத் தேவையில்லை. காரணம் நான்.

அந்தக் கார் நீ வாங்கியது மூன்று வருடத்துக்கு முந்திய மார்கழியில். பஸ்ஸுக்குப் பனியில் நின்று சுபாவுக்குக் காய்ச்சல் மாறி மாறி வருகிறது, இனிப் பொறுக்க முடியாது என்றாய். "மார்கழியில புதுசா வாகனம் எடுக்கிறேல்லை, ஒரு மாசம் பொறு" என்று அம்மா சொன்னா. நானும் பின்னால் நின்று தலையாட்டினேன். நீ எடுத்துவிட்டுப் படம் அனுப்பினாய். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயா என்று அம்மா கேட்டதற்கு, "வச்சனான் அம்மா, அது ஐஸ் கட்டியாகிட்டுது, நசியேல்ல, கார் ஏறி இறங்கினதுதான் மிச்சம்" என்று சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். பத்து நாளில் நீ திரும்ப ஃபோன் எடுத்தாய். சுபாவுக்கு மூன்றாம் மாதம், தங்கவில்லை என்றாய். உன் குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அந்த நேரம் ஃபோன் என் கையில்தான் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "மார்கழியில வேண்டாம் எண்டு சொன்னனாங்கள்தானே."

"ஓம் அப்பா" என்றாய் நீ.

முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நடந்தால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன். அதற்கு ஒரு உதாரணம் வைத்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிக்கிற நேரம் காலி வீதியால் மட்டக்குளி பஸ் போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "சேர், மணி அடிச்சாத்தான் பஸ் வரும்" என்று ஒரு நாள் சொன்னாள். அடுத்த நாள் பியூனிடம் சொல்லி மணியை ஐந்து நிமிடம் பிந்தி அடிக்க வைத்தேன். பஸ் தன் பாட்டுக்கு வந்து போய்விட்டது. பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு என்னைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் விளங்கிக்கொண்டார்கள். இவ்வளவு படிப்பித்தவன், தன் மகன் அழுகிற நேரம் மாதத்தின் மேல் பழி போட்டேன். மாதத்தின் மேலா? இல்லை, மகனே, உன் மேல். நீ கார் வாங்கியதால் உன் பிள்ளை போனது என்றுதான் நான் சொன்னதன் கருத்து. அதை நீ சரியாகத்தான் விளங்கிக்கொண்டாய்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ நாள் என்னையே கேட்டிருக்கிறேன். உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. உன்னிடம் வந்து உன் பக்கத்தில் இருக்கவும் வழியில்லை. கையில் ஒன்றுமே இல்லாதவன் கண்ணில் படுகிற கல்லை எடுப்பது மாதிரி அந்த வசனத்தை எடுத்தேன். டொக்டர்மார் உங்களிடம், இது யாருடைய பிழையுமில்லை, இப்படி நடப்பதுண்டு என்று சொன்னதாகச் சுபா பிறகு எங்களுக்குச் சொன்னாள். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு இப்போது மூன்றாவது மார்கழி வரப்போகிறது. போன மார்கழியில் நீ ஒரு சப்பாத்துக்கூட வாங்கவில்லை, ஓட்டையோடு திரிந்தாய் என்று சுபா சொன்னபோது நாங்கள் பகிடி என்று நினைத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் நாடியில், உதட்டுக்குக் கீழே இருக்கிற தழும்பைப் பற்றி. உனக்கு ஏழு வயது. என் பழைய ஸ்கூட்டரில் முன்னால் உன்னை நிறுத்திக்கொண்டு கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். நல்ல மழை. வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட ஒரு நாய் குறுக்கே ஓடியது, நான் பிரேக் பிடித்தேன், விழுந்துவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னேன். உனக்கும் அப்படியே சொல்லிச் சொல்லி, நீயே அந்த நாயைக் கண்டதாக நண்பர்களுக்குக் கதை சொல்வாய். கறுப்பு நாய் என்று நிறமும் வைத்திருந்தாய். நாய் இல்லை, தம்பி. பின் டயர் மொட்டையாகி இரண்டு மாதம். இன்னும் ஓடும், இன்னும் ஓடும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். உராய்வு என்றால் என்ன என்று அந்தக் கிழமைதான் வகுப்பில் படிப்பித்திருந்தேன். உன் நாடியில் நாலு தையல். டொக்டர் தைக்கும்போது நீ அழவில்லை, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாய். நானும் டயரைத் தள்ளிப்போட்டவன்தான் என்பதால்தான் உன்னைக் கேட்க எனக்குத் துணிவு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ வைத்த பிறகு, அடுத்த நாள் காலையில் பஸ் ஏறி ஒருகொடவத்தைக்குப் போனேன். என் மாணவன் ஒருவனின் தகப்பன் பாரூக், அங்கே லொறி டயர் கடை வைத்திருக்கிறார். போய் நின்றதும், "சேருக்கு என்ன வாகனம்?" என்று கேட்டார். வாகனம் இல்லை என்றேன். "அப்ப டயர்?" ஐஸில் ஓடுகிற டயரைப் பற்றித் தெரிய வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேர், நம்மட ஊர்ல ஐஸ் சர்பத்துக்குள்ளதான் கிடக்கும். அதுக்கு மேல வாகனம் ஓட்டுற ஆள இன்னும் நான் காணல்ல." கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். நான் உன்னைப் பற்றியும் சுபாவைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பி, "வாங்க, ஒண்டு காட்டுறன்" என்று என்னைப் பின்பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்குப் பின்னால் மீனும் இறைச்சியும் வைக்கிற பெரிய குளிர்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அங்கே பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டிகளுக்கு இவர்தான் டயர் போடுகிறவராம். வாசலில் ஒரு வண்டி நின்றது. அதன் டயரில் என் பெருவிரல் நகத்தை அழுத்தச் சொன்னார். கொஞ்சம் பதிந்தது. பிறகு எனக்கு ஒரு கனத்த கோட்டைப் போட்டு உள்ளே விட்டார்கள். உள்ளே நின்ற பழைய வண்டியின் டயரில் அழுத்தினேன். கல்லில் அழுத்தியது போல இருந்தது, நகம்தான் நொந்தது. "இது வெளிய ஓடுற றப்பர். மாத்துங்க மாத்துங்க எண்டு மூணு தரம் சொல்லியாச்சு," என்றார் பாரூக். "தரையில பனி பிடிச்சா இது நிக்காது சேர். போன மாசம் இறால் பெட்டி அடுக்குக்குள்ள போய்ப் புகுந்திட்டுது. டிரைவர் நல்ல ஆள், இருபது வருஷம் ஓட்டுறவன். என்ன செய்ற? கால் வழுக்கினா டிரைவருக்கு என்ன கெட்டித்தனம்?" பக்கத்தில் குளிருக்கென்று செய்த டயர் போட்ட வண்டி நின்றது. அதே குளிரில் அது மெத்தென்று இருந்தது. நான் இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தேன். பல்லுக் கிடுகிடுத்தது. நீ இந்தக் குளிருக்குள்தான் வாழ்கிறாய் என்று முதல் தடவையாக என் உடம்புக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய றப்பர் செருப்பின் குதிப்பக்கத்தை வெட்டி ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்தேன். அம்மா திறந்துபார்த்துவிட்டு, "மீனுக்குப் பக்கத்தில செருப்பு. பென்சன் எடுத்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோ?" என்றா. நான் அதை எடுத்து அவவின் கையில் கொடுத்தேன். வளைத்துப் பார்க்கச் சொன்னேன். வளையவில்லை. "இதுதான் அவன்ர காரில பூட்டியிருக்கு" என்றேன். அம்மா அதை வைத்துக்கொண்டு நின்றா. அது குளிர் விட்டு மெதுவாகும்வரை கையிலிருந்து விடவில்லை.

அதனால் தம்பி, வாத்தியார் சொல்கிறார் என்று நினைத்துக் கேள். சாதாரண டயரின் றப்பர், ஐஸ் கட்டத் தொடங்க முன்னமே, ஏழு பாகை செல்சியஸ் அளவில் இறுகத் தொடங்கிவிடும். டயரில் வெட்டியிருக்கிற பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இறுகிய றப்பர் பாதையைப் பிடிக்காது. சேறும் பனியும் என்பதற்கு எம், எஸ் என்று இரண்டு எழுத்துப் போட்டிருந்தால் போதும் என்று கடைக்காரன் சொன்னால் கேளாதே. பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்திருக்கும், அந்த அடையாளத்தைக் கண்ணால் பார். அதே பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் செய்த கிழமை, அதாவது வருடத்தில் எத்தனையாவது வாரம் என்பது, மற்ற இரண்டும் வருடம். ஆறேழு வருடம் கிடந்த டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் உள்ளே கிழடாகியிருக்கும். உன் நண்பன் தன்னிடம் இரண்டு குளிர் டயர் கிடக்கிறது, முன்னுக்குப் பூட்டு என்று சொன்னானாமே, அதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் பயம். நாலு பிள்ளைகள் ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று வை. முன்னால் இரண்டு பேருக்குச் சப்பாத்து, பின்னால் இரண்டு பேர் எண்ணெய்த் தரையில் வெறுங்கால். முன்னால் போகிறவர்கள் திரும்பினால் பின்னால் வருகிறவர்கள் எங்கே போவார்கள்? மேசை சுழன்று சுவரில் அடிக்கும். நாலும் வேண்டும், நாலும் ஒரே வகையாக வேண்டும். பூட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கச் சொல். குளிரில் காற்றும் குறையும், மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார். இவ்வளவும் செய்த பிறகும் ஐஸில் மெதுவாகத்தான் போக வேண்டும். நல்ல டயர் பிரேக் பிடிக்கும்போது உனக்குக் கொஞ்சத் தூரம் மிச்சம் தரும். அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள்தான் நீங்கள் மூன்று பேரும் இருக்கிறீர்கள்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன், மார்கழியில் டயர் மாற்றலாம் என்று நீயே அவனுக்குச் சொல்லிவிடு என்று. அவ சொன்னால் நீ கேட்பாய் என்று நினைத்தேன். அம்மா பஞ்சாங்கத்தை எடுக்கவே இல்லை. "செருப்புத் தேஞ்சா மார்கழியில மாத்தாமலே திரியிறம்? டயர் காரின்ர செருப்புத்தானே," என்றா. "அப்ப நீ சொல்லு" என்றேன். "இஞ்சருங்கோ, கார் வாங்க முந்தி வேண்டாம் எண்டு சொன்னது நான்தான். அது என்ர நம்பிக்கை. பிள்ளை போன பிறகு நான் வாயே திறக்கேல்ல. அண்டைக்குச் சொன்னது நீங்கள். நீங்கள்தான் அதைத் திருப்பி எடுக்கோணும்." இதைச் சொல்லிவிட்டுப் போய் அரிசி கழுவத் தொடங்கினா. அவ மூன்று வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்திருக்கிறா.

எடுக்கிறேன், தம்பி. அன்றைக்கு நான் சொன்னது பொய். நீ கார் வாங்கியதற்கும் உங்கள் பிள்ளை போனதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. உன் பிழை ஒன்றும் இல்லை. சுபாவின் பிழையும் இல்லை. இதை அன்றைக்கே சொல்லாமல் விட்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க உனக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் டயருக்குக் காலம் எடுக்காதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அப்பாமார் மகனைக் கும்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

சுபா அங்கே எல்லாக் கடைகளுக்கும் ஃபோன் எடுத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்து ஊர்க் கடையில் முன்பே பதிந்திருந்த ஒருவர் வரமுடியாது என்று சொன்னதால் ஒரு நேரம் கிடைத்திருக்கிறது. நாலு டயரும் இருக்கிறதாம், அடையாளத்தையும் இலக்கத்தையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். உன் பெயரில் பதிந்தும்விட்டாள். மார்கழி பிறந்த பிறகு வருகிற முதல் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. செவ்வாயில் அது ராகுகாலம் என்று நீ சொல்வாய். ஓம், ராகுகாலம்தான். அம்மாவும் பார்த்துவிட்டா. அதே நேரத்துக்குப் போ. பாதை காய்ந்ததும் முன்கூட்டியே புறப்படு, மெதுவாக ஓட்டு, சுபாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போ. அதற்குப் பிறகு எந்த நாளில் எது பிழைத்தாலும் அப்பா சொல்லித்தான் பூட்டினேன் என்று சொல். நல்லது நடந்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அப்பா
வெள்ளவத்தை